வெள்ளோட்டமும் தேரோட்டமே

புதிதாகச் செய்த தேரையோ பழுதுபார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்னர் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். அன்று தேரில் உற்சவர் எழுந்தருள்வதில்லை. அலங்காரமும் குறைவுதான். ஆயினும் வடம் பிடிக்க ஊர் கூடுகிறது. அச்சு முறுகுகிறதா, சக்கரம் எந்தத் திருப்பத்தில் முரண்டு பிடிக்கிறது, முட்டுக்கட்டை போடுகிறவரின் கை எவ்வளவு தேர்ந்தது என்பன அன்றுதான் தெரியவரும். வெள்ளோட்டத்தை 'வெறும் ஒத்திகை' என்று எவரும் வீட்டில் படுத்திருந்து தள்ளிவிடுவதில்லை.

விளையாட்டில் மட்டும் நமக்கு இந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. கோப்பைக்கான பருவம் தொடங்குமுன் நடைபெறும் போட்டிகளைப் பயிற்சி ஆட்டம் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். தமிழ்நாட்டுக்கென அத்தகைய போட்டி ஒன்று இருக்கிறது. 1909ஆம் ஆண்டு முதல் நினைவுகூரப்படும் பெயரைத் தாங்கியது அது. இந்திய மாநில அணிகள் தம் சொந்தப் பருவத்துக்கு முன் இங்கு வந்து ஆடிச் செல்கின்றன. புச்சி பாபு அழைப்புக் கிரிக்கெட் போட்டி என்பது அதன் பெயர். அது எங்கே நடக்க வேண்டும், யாருக்காக நடக்க வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

முதலில் பெயருக்குரியவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இன்றைய மாணவரிடம் அப்பெயரைச் சொன்னால் தெலுங்குத் திரைப்பட நகைச்சுவை நடிகர் என்றுகூட எண்ணக்கூடும். புச்சி பாபு நாயுடு 1868இல் பிறந்தவர். சென்னை லஸ் பகுதியில் மாளிகை வைத்து வாழ்ந்த செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் சேப்பாக்கம் மைதானம் 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. அது ஐரோப்பியருக்கு உரிய கழகம். இந்தியர் அங்கே எதிரணியாக ஆட அழைக்கப்படலாம். ஆனால் ஆட்டக்காரர் கூடத்தில் ஐரோப்பியரோடு சமமாக உட்காரவோ உண்ணவோ இடமில்லை. வெள்ளையர் கூடத்துக்குள் உணவருந்த, இந்தியர் மரநிழலில் உண்டனர் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கின்றனர்.

இந்த அவமதிப்புக்குப் புச்சி பாபு கண்ட மறுமொழி ஒரு கழகம். 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் உருவாயிற்று. இந்தியருக்கென ஓர் ஆடுகளம் அமைந்தது. மட்டை வாங்க வழியில்லாத இளைஞருக்கு மட்டையும் வெள்ளுடையும் தம் செலவில் வாங்கிக் கொடுத்தார். அடுத்து அவர் எண்ணியது ஐரோப்பியரும் இந்தியரும் சமமாக எதிர்நின்று ஆடும் ஆட்டம். 1908 டிசம்பரில் அதற்கு ஏற்பாடாயிற்று. ஆட்டம் நடைபெறுவதற்குச் சில நாள் முன்னர், நாற்பது வயதில், அவர் காலமானார். பின்னர் அவ்வாட்டம் 'பிரசிடென்சி மேட்ச்' என்ற பெயரில் வேரூன்றி, பொங்கலையொட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடைபெற்று, 1952வரை நிலைத்தது. புச்சி பாபுவின் நினைவாக 1909இல் தொடங்கப்பட்ட போட்டி இன்றும் இருக்கிறது. சென்னைக் கழகங்களுக்குள் நடந்துவந்த அப்போட்டி பின்னர் வெளிமாநில அணிகளையும் அழைக்கும் அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது.

ஆக, இதன் தோற்றத்திலேயே ஒரு கோட்பாடு இருக்கிறது. கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு ஆடுகளம் தருவது என்பதே அது. இக்கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய போட்டியை நாம் அளந்து பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த போட்டியைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2023இல் மீட்டெடுத்தது. இருபது ஓவர் ஆட்டத்தின் வேகத்தில் சிவப்புப் பந்தின் பொறுமை தேய்ந்துவிடக் கூடாது என்பது மீட்டெடுத்ததன் நோக்கம். பாராட்டத்தக்க நோக்கம். 2024 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் 12 அணிகள் ஆடின. வெளியிலிருந்து பத்து மாநில அணிகள் வந்தன. சங்கத்தின் சார்பில் இரண்டு அணிகள் களமிறங்கின. நம்மைப் போன்ற மாவட்டத்துவாசிகளுக்கு மகிழ்ச்சி தந்தது இன்னொன்று. ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் ஆகிய இடங்களில் நடைபெற்றன. ஹைதராபாத் சத்தீஸ்கரை வென்ற இறுதி ஆட்டம் நத்தத்தில்தான் நடந்தது.

சமயநல்லூரிலிருந்து அலங்காநல்லூர், பாலமேடு வழியாகச் சென்றால் நத்தம் எட்டிவிடும் தொலைவுதான். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு நத்தமும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. அதாவது, இரண்டு மாநிலங்களின் அணிகள் நான்கு நாள் ஆட்டத்தின் இறுதியை நம் கொல்லைப்புறத்தில் ஆடின. அந்த வாரத்தில் இளங்கலை வகுப்பொன்றில் கேட்டோம். ஐம்பது மாணவர்களுக்கு மேல் இருந்த வகுப்பு; அதில் பாதிக்கு மேற்பட்டோர் மாலையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். நத்தத்தில் இறுதி ஆட்டம் நடப்பதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. சென்னை அணிக்கு ஐபிஎல் ஏலத்தில் யாரை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பது ரூபாய் சுத்தமாகத் தெரிந்திருந்தது. இதில் மாணவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. நாமுந்தான் இறுதி ஆட்ட வாரம் வரும்வரை வகுப்பில் அதைப் பேசியதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். 'புள்ளிக் கணக்கில்லாத, முதல்தர ஆட்டமென்ற தகுதியுமில்லாத பயிற்சிப் போட்டியை மக்கள் ஏன் பார்க்க வேண்டும்? ஆட்டக்காரர்கள் கை கால் அசைத்துப் பார்க்கும் இடம் அது' என்பர். இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய போட்டிகளே வேண்டாம் என்போரும் உண்டு. 2024இல் மும்பை அணிக்காகக் கோவையில் ஆடிய சூர்யகுமார் யாதவ் கையில் காயமுற்று, துலீப் கோப்பையின் முதல் சுற்றில் ஆட இயலாமற்போனதை அவர்கள் சான்று காட்டுவர்.

இம்மறுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்றொரு விளையாட்டு உண்டு. பந்தைக் கையாலும் காலாலும் கொண்டு செல்லும், பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். 1884இல் தர்ல்ஸ் என்ற சிற்றூரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் அதை நடத்துகிறது. ஆடுவோருக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், உழவர், தச்சர், மாணவர் என்று அவரவர் தொழிலைப் பார்த்துக்கொண்டு தம் கவுன்டிக்காக ஆடுகின்றனர். கவுன்டியை நம் மாவட்டத்துக்கு நிகராகச் சொல்லலாம். ஆங்கில ஆட்சி நிர்வாக வசதிக்காக வகுத்த அந்த எல்லைகளே விளையாட்டின் வழியாக மக்களின் பற்றுக்குரிய மண்ணாக மாறிவிட்டன. ஆண்டின் தொடக்கத்தில், பெரும் பருவத்துக்கு முன், ஒவ்வொரு மாகாணத்திலும் கவுன்டி அணிகளுக்கிடையே முன்னோட்டப் போட்டி நடப்பது அங்கு வழக்கம். அல்ஸ்டர் மாகாணத்தில் மக்கென்னா கோப்பை, லின்ஸ்டரில் ஓபர்ன் கோப்பை, மன்ஸ்டரில் மக்ராத் கோப்பை என்று அவற்றுக்குப் பெயர். மக்கென்னா கோப்பையில் நெடுங்காலம் பல்கலைக்கழக அணிகளும் கவுன்டி அணிகளுக்கு நிகராக ஆடின. ஆட்டக்காரர் மீது சுமை கூடிவிட்டது, பருவங்களுக்கிடையே இடைவெளி போதவில்லை என்ற காரணங்களால் 2025ஆம் ஆண்டில் இப்போட்டிகள் நடத்தப்படவில்லை.

அவர்களுடைய காரணத்தில் நியாயம் இருக்கிறது. பகலெல்லாம் வேலை பார்த்து இரவில் பயிற்சி செய்கிறவனுக்கு ஓய்வு வேண்டும். நம் நிலைமை வேறு. நம்மிடம் ஆட்டம் மிகுதியால் களைத்த சிலரும், ஆட இடமே கிடைக்காத பலரும் இருக்கின்றனர். சூர்யகுமாருக்கு ஒரு போட்டி குறைந்தால் இழப்பில்லை. மாநில அணியின் வாசலில் நான்கு ஆண்டுகளாக நிற்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அந்த ஒரு போட்டிதான் எல்லாமும். முன்னோட்டப் போட்டியை எடுத்துவிட்டால் முதலில் விழுபவன் அவனே.

தமிழ் பயிற்றும் நமக்கு இதை விளக்கச் சிலப்பதிகாரம் துணைக்கு வருகிறது. அரங்கேற்று காதையைப் பாடம் நடத்தும்போது மாணவர் ஆண்டுதோறும் ஒரு குறை சொல்வார்கள். மாதவி ஆடுவதைச் சொல்வதற்கு முன் இளங்கோவடிகள் எத்தனை செய்திகளை அடுக்குகிறார் என்று சலித்துக்கொள்வார்கள். ஆடலாசான் எப்படிப்பட்டவன், இசையாசான் யார், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என்ன கற்றிருந்தனர், அரங்கின் அளவென்ன, திரை எப்படி, தூண் நிழல் எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் விரித்துரைத்த பிறகே மாதவி மேடையேறுகிறாள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் ஏறுகிறாள். ஆட்டத்தைப் போலவே ஆயத்தமும் காப்பியத்தில் இடம்பெறத்தக்கது என்று கருதியவர் அடிகள். ஆயத்தத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே ஆட்டத்தின் அருமை தெரியும் என்று நாம் மாணவருக்குச் சொல்வதுண்டு. பாடத்தில் சொல்வதை மைதானத்தில் மறந்துவிடலாகாது.

ஆயத்தப் போட்டி ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு 2024ஆம் ஆண்டிலேயே சான்று உண்டு. இஷான் கிஷன் உள்நாட்டுப் போட்டிகளைத் தவிர்த்தார் என்ற பேச்சு எழுந்த நிலையில், அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான இந்திய வாரிய ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகஸ்டில் ஜார்க்கண்ட் அணித் தலைவராகத் திருநெல்வேலிக்கு வந்து மத்தியப் பிரதேசத்துக்கு எதிராகச் சதம் அடித்தார். 2025 ஏப்ரலில் வெளியான பட்டியலில் அவர் பெயர் மீண்டும் இருந்தது. தாமிரபரணிக் கரை ஆட்டம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டோம். திரும்பிவரும் பாதையில் முதல் அடி அங்கே வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

புச்சி பாபுவின் குடும்பத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. அவர் மகன் கோட்டா இராமசாமி, தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப்போனவர். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். கிரிக்கெட்டில் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு கிடைத்தபோது வயது நாற்பது. 1936இல் மான்செஸ்டரில் ஆடிய தம் முதல் டெஸ்டில் 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்தார். தந்தை இறந்த வயதில் மகன் அரங்கேறினார். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் கழக ஆட்டங்களிலும் பொங்கல் ஆட்டங்களிலும் கழிந்தவை. அவை இல்லையென்றால் நாற்பதாம் வயதில் மான்செஸ்டர் ஏது?

இனி நம் முறையீட்டுக்கு வருகிறோம். 2025ஆம் ஆண்டில் போட்டி விரிவடைந்து 16 அணிகள் ஆடின. ஆனால் ஆட்டங்கள் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலுமாக நடந்து முடிந்தன. முந்தைய ஆண்டு நத்தமும் நெல்லையும் சேலமும் கோவையும் பெற்ற இடத்தைச் சென்னை திரும்ப எடுத்துக்கொண்டது. இதற்கு நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். பதினாறு அணிகளுக்கு ஒரே நேரத்தில் எட்டு ஆடுகளங்கள் வேண்டும். தங்குமிடம், விமான வசதி, நடுவர்கள், மருத்துவர் ஆகியவற்றை ஒரே நகரில் வைத்துக்கொள்வது எளிது. செலவும் குறையும். இவற்றை நாம் மறுக்கவில்லை. எளிது என்பதும் சரி என்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறோம். சேப்பாக்கத்தில் இந்தியர் ஒதுக்கப்பட்ட நாளிலும் நிர்வாகத்துக்கு அதுவே எளிதாக இருந்திருக்கும்.

தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1987-88 பருவத்தில். அதற்கு முன்பு 1954-55இல். அவ்வளவுதான், இரண்டே முறை. இத்தனை பெரிய கழகக் கிரிக்கெட் மரபும், இத்தனை ஆடுகளங்களும் உள்ள மாநிலத்துக்கு இது போதுமா என்று ஒவ்வொரு பருவத்திலும் கேட்கப்படுகிறது. விடைகள் பல இருக்கலாம். நமக்குத் தோன்றும் விடைகளில் ஒன்று, வேர் ஓடும் பரப்பைப் பற்றியது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அவர் சென்னைக்குச் சென்று கழக ஆட்டத்தில் சேர்ந்த பிறகே தோல் பந்தின் உலகம் அவருக்குத் திறந்தது. ஊர் திரும்பி அங்கேயே ஒரு மைதானம் அமைத்தாரே, அதன் பொருள் என்ன? தமக்கு இல்லாதது அடுத்தவனுக்காவது பக்கத்தில் இருக்கட்டும் என்பதுதானே? ஒரு தனிமனிதர் செய்ததை அமைப்பு செய்யலாகாதா?

நம் பகுதி மக்கள் விளையாட்டைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்ல இயலாது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் வாடிவாசல் முன் கூடும் கூட்டம் உலகறிந்தது. பரவை, தேனூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் கபடித் தொடர்போட்டி என்றால் இரவு முழுவதும் மின்விளக்கொளியில் சனம் உட்கார்ந்திருக்கும். அங்கே பெயர்பெற்ற நட்சத்திரங்கள் எவரும் ஆடுவதில்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளை ஆடுகிறான். தெரிந்தவர் வளர்த்த காளை வருகிறது. அயர்லாந்துக்காரர் மழையிலும் குளிரிலும் நின்று கவுன்டி ஆட்டம் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். தெரிந்தவன் ஆடினால் கூட்டம் வரும். புச்சி பாபு போட்டி நத்தத்துக்கு வந்தபோது நம்மவன் என்று சுட்டிக்காட்ட ஒருவன் அங்கே வேண்டும். அப்போதுதான் பாலமேட்டுக்காரர் பேருந்து ஏறுவார்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, போட்டியின் ஒரு பகுதியேனும் ஆண்டுதோறும் மாவட்டங்களில் நடக்க வேண்டும். பதினாறு அணிகளை நான்கு மையங்களில் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள். ஒரு நேரத்தில் இரண்டு ஆடுகளங்கள் போதும். 2016 முதல் டிஎன்பிஎல் ஆட்டங்களை நடத்திப் பழகிய நத்தத்துக்கும் நெல்லைக்கும் இது புதிய வேலையன்று. மதுரை சிந்தாமணிப் பகுதியில் வேலம்மாள் அறக்கட்டளை அமைத்த கிரிக்கெட் அரங்கத்தை 2025 அக்டோபரில் மகேந்திர சிங் தோனி திறந்துவைத்தார். நத்தத்துக்கும் மதுரைக்குமிடையே மேம்பாலச் சாலை வந்துவிட்டது. இவ்விரு களங்களையும் சேர்த்தால் தென்பாண்டி நாட்டுக்கு ஒரு மையம் ஆயத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, சங்கம் களமிறக்கும் இரண்டு அணிகளோடு மூன்றாவதாக ஓர் அணி வேண்டும். சென்னைக் கழகங்களில் இன்னும் இடம்பெறாத மாவட்ட ஆட்டக்காரர்களையும் கல்லூரி மாணவர்களையும் கொண்ட அணியாக அது இருக்கட்டும். போட்டி நடக்கும் மைதானங்களில் எத்தனை கல்லூரி மைதானங்கள் என்று எண்ணிப் பாருங்கள். குரு நானக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி என்று பட்டியல் நீள்கிறது. கல்லூரியின் புல்தரை வேண்டும். கல்லூரி மாணவன் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கினால் போதும் என்பது எந்த நியாயம்? அல்ஸ்டர் மாகாணத்தில் பல்கலைக்கழக மாணவர் கவுன்டி அணிகளோடு மோதியது போல நம் மாணவரும் மும்பையோடும் ஹைதராபாத்தோடும் மோதட்டும். இன்னிங்ஸ் தோல்வி அடைவார்கள் என்றால் அடையட்டும். நான்கு நாள் வெயிலில் நின்று தோற்றுப் பெறும் கல்வியை நாம் வகுப்பறையில் தர இயலாது.

மூன்றாவது, சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாமல் கதவைத் திறந்துவைப்பதோடு கடமை முடிந்துவிடாது. எந்த ஊரில், எந்த நாளில், யாரோடு யார் ஆடுகிறார்கள் என்பதைத் தமிழில் ஊரறியச் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு ஓர் அறிவிப்பு, பேருந்து நிலையத்தில் ஒரு சுவரொட்டி, உள்ளூர் வானொலியில் ஒரு வரி போதும். கபடிக்கும் மஞ்சுவிரட்டுக்கும் ஊரார் இதைத் தாமே செய்துகொள்கின்றனர். ஆங்கிலத்தில் இணையத்தில் மட்டும் கிடைக்கும் அட்டவணை சமயநல்லூரின் தேநீர்க் கடைப் பேச்சில் ஒருநாளும் இடம்பெறாது.

இவற்றால் அடுத்த பருவத்திலேயே ரஞ்சிக் கோப்பை வந்துவிடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. வேறொன்று நடக்கும். பாலமேட்டிலோ சோழவந்தானிலோ ஒரு பதினான்கு வயதுச் சிறுவன், இந்தியாவுக்காக ஆடிய ஒருவர் எண்பது பந்துகளைத் தொடாமல் விட்டு நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பான். தொலைக்காட்சி காட்டும் சிக்சர்களுக்கு நடுவே, விட்டுவிடுவதும் ஒரு கலை என்பதைக் கண்ணால் காண்பான். பந்தின் தையல் எப்படிச் சுழல்கிறது, ஓவருக்கு ஓவர் களத்தடுப்பாளர் இரண்டடி எப்படி நகர்கிறார் என்பன கம்பிவேலிக்கு இப்பால் நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். பெரும் போட்டிகளில் அவனுக்குக் கிடைப்பது கூட்டத்தின் கடைசி வரிசையோ கைபேசித் திரையோதான். முன்னோட்டப் போட்டியில் மட்டுமே அவனுக்கு முதல் வரிசை.

புச்சி பாபு வாங்கிக் கொடுத்த மட்டைகள் எவர் எவர் கைக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை. அவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்திருப்பர். ஆயினும் அந்தக் கைகளிலிருந்துதான் ஒரு மரபு தொடங்கியது. அவர் பெயரால் நடக்கும் போட்டி இன்று யார் கையில் மட்டை கொடுக்கிறது என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வரும் ஆகஸ்டுக்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். தேர் நிலையிலிருந்து கிளம்பிய பிறகு பாதையை மாற்றச் சொல்வதில் பயனில்லை.